ஓடைக்காக மேடையேறின கெண்டை

அந்தக் காலத்துல மீனுக்கு வாய் இருந்தது திங்கறதுக்கு மட்டும் இல்ல, பேசறதுக்கும்தான். மீன் பேசும், நண்டு பேசும், எருமை கூட மனசு வந்தா ரெண்டு வார்த்தை பேசும். மனுஷங்க நின்னு கேப்பாங்க. கேட்டபடி நடப்பாங்களான்னா, அது வேற விஷயம்.

ஏழுதெருன்னு ஒரு ஊர். பேருக்கு ஏத்த மாதிரி ஏழே தெரு. ஏழு தெருவுக்கும் கொல்லைப்பக்கம் ஒரே ஓடை, புன்னையோடை. அந்த ஓடையில, படித்துறைக்குக் கீழ, துவைக்கிற கல்லோட இடுக்குல பொறந்தவ வெடுக்கி. கெண்டை மீன். ஒரு சாண் நீளம் கூட இல்ல. யாரு எதைச் சொன்னாலும் வெடுக்குனு திருப்பிக் குடுப்பா, அதனால அந்தப் பேரு.

வெடுக்கிக்கு ஓடைன்னா உசுரு. காலையில ஆறாந்தெருவுல சோறு வடிச்சதும் கஞ்சித்தண்ணி வெதுவெதுன்னு வந்து இறங்கும், அதுல முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பா. அஞ்சாந்தெருவுல சாயம் தோய்க்கறவங்க துணி அலசுற நாள்ல ஓடை ஒரு பக்கம் நீலமாவும் ஒரு பக்கம் மஞ்சளாவும் ஓடும், ரெண்டும் சேர்ற இடத்துல பச்சையா ஒரு கோடு விழும். அந்தக் கோட்டு மேலேயே நீந்திப் போறது அவளுக்கு விளையாட்டு. எந்த வீட்டுல கல்யாணம், எந்த வீட்டுல காய்ச்சல், எல்லாமே தண்ணியோட ருசியை வச்சே சொல்லிருவா.

ஆனா ஊர் பெருத்துச்சு. கஞ்சி வந்த வழியில கசடும் வந்துச்சு. செக்கடி சக்கை, தோல் ஊறவச்ச சுண்ணாம்புத் தண்ணி, செத்த கோழி, கிழிஞ்ச பாய், இன்னும் வாயால சொல்ல முடியாததெல்லாம் வந்துச்சு. தண்ணி கறுத்துப் போச்சு. முட்டை முட்டையா நுரை கட்டுச்சு. தவளைங்க எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு பெரிய ஏரிக்குப் போயிருச்சுங்க.

"நீயும் கிளம்பு புள்ள, ஏரித் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்"னு போறப்ப கூப்பிட்டுச்சுங்க.

"கண்ணாடியைப் பாத்து நான் என்ன பொட்டா வைக்கப் போறேன்? நாறினாலும் இது என் ஓடை. நாறடிச்சவன் போகட்டும், நான் எதுக்குப் போகணும்?"னா வெடுக்கி.

இங்க ஒரு வழக்கத்தைச் சொல்லியாகணும். ஏழுதெருவுல தலைவர் ஒரு தீர்ப்பு சொல்லி, அது தப்புன்னு ஒருத்தருக்குப் பட்டா, அவங்க முதல்ல ஓடையில முழுகணும். உடுத்தின துணியோட, சொட்டச் சொட்ட வந்து சபை மேடையில ஏறணும். ஈரத்துல நின்னு யாரும் பொய் சொல்ல மாட்டாங்கன்னு ஊருக்கு நம்பிக்கை. அந்த ஈரம் காயற வரைக்கும் அவங்க பேச்சை யாரும் மறிக்கக் கூடாது, தலைவரே ஆனாலும். காஞ்சிருச்சுன்னா இறங்கிரணும். அவங்க சொன்னது சரின்னு படறவங்களும் முழுகிட்டு வந்து பக்கத்துல நிக்கணும். ஊர்ல பாதிக்கு மேல ஈரமாயிட்டா தலைவர் தீர்ப்பு செல்லாது.

நல்ல வழக்கம்தான். ஆனா ஓடை நாற ஆரம்பிச்சதும் எவன் முழுகுவான்? மூணு வருஷமா ஒரு ஆள் மேடையேறலை. தலைவர் தாண்டவராயர் சொன்னதுதான் சட்டம். ஏழாந்தெருக்காரங்க கிணத்தைப் பிடுங்கினாரு, கேக்க ஆளில்ல. சந்தைத் திடல்ல அவரு மாடு மட்டும்தான் மேயணும்னாரு, அதுக்கும் கேக்க ஆளில்ல. ஓடை நாற நாற அவருக்கு வாய் நீண்டுச்சு.

ஒருநாள் நண்டு கொடுக்கன் அரக்கப்பரக்க கல்லு இடுக்குக்குள்ள ஓடி வந்தான். கரைக்கும் தண்ணிக்கும் போய்வர்ற ஒரே ஆள் அவன்தான், அதனால ஊர்ச் சேதி எல்லாம் அவன் வாயில.

"வெடுக்கி, கதை முடிஞ்சுது. கரையில கருங்கல் பலகை அடுக்கியிருக்காங்களே, பாத்தியா?"

"பாத்தேன். பாலம் கட்டப் போறாங்களா?"

"பாலமாவது! நம்ம தலையில மூடி போடப் போறாங்க. இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும், ஊர் முழுக்க. நாத்தம் தாங்கலையாம். இது ஓடை இல்ல, சாக்கடை, மூடிருங்கன்னு தாண்டவராயர் சொல்லிட்டாரு."

வெடுக்கிக்கு வால் நுனி வரைக்கும் குளிர்ந்துச்சு. வெளிச்சம் போனா பாசி போகும். பாசி போனா தண்ணியில இருக்கற கொஞ்ச நஞ்ச மூச்சும் போகும். கல்லுக்கடியில பொறிக்கக் காத்திருக்கற முட்டைங்க, கெளுத்தி, இறால், நத்தை, எல்லாம் இருட்டுல மூச்சு முட்டிச் சாகும்.

"எப்போ?"

"இன்னைக்கு உச்சிப்பொழுதுல சபை. மறுப்புச் சொல்ல யாராவது இருந்தா வழக்கம் போல ஓடையில முழுகிட்டு வரட்டும், எந்த உயிரா இருந்தாலும் சரின்னு தமுக்கு அடிக்கச் சொன்னாரு. சொல்லிட்டு அவரே சிரிச்சாருப்பா, தொப்பை குலுங்க."

"எந்த உயிரா இருந்தாலும்னா சொன்னாரு?"

"கேலிக்குச் சொன்னது தங்கச்சி."

"கேலிக்குச் சொன்னாரோ கோளாறுல சொன்னாரோ, தமுக்கு அடிச்சாச்சுல்ல? நீ போயேன் கொடுக்கா, உனக்குக் கால்தான் பத்து இருக்கே."

"நானா? என் ஓட்டுல தண்ணி நிக்கவே நிக்காது, மேடை போறதுக்குள்ள காஞ்சிரும். அதுவும் இல்லாம அந்த ஆளு மூஞ்சியைப் பாத்தா நான் தானா பக்கவாட்டுல போயிருவேன்."

அந்த நேரம் பாத்துப் படித்துறைக்கு சம்பூரணம் வந்தா. அஞ்சாந்தெருவுல சாயம் தோய்க்கற வீட்டுக்காரி, ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் எப்பவும் நீலமா இருக்கும். சின்ன வயசுல இந்த ஓடையில குதிச்சுக் குதிச்சு வளந்தவ. முதல் படியில நின்னு முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டுத் தண்ணியையே பாத்தா.

"என்ன அக்கா, முழுக வந்தியா, மூக்குப் பொத்த வந்தியா?"ன்னு தலையை நீட்டினா வெடுக்கி.

"வாயை மூடுடி. மனசு கேக்காம வந்தேன். நான் நீச்சல் பழகின ஓடைடி இது. மூடறாங்கன்னதும் கால் தானா இங்க வந்துருச்சு."

"வந்துருச்சுல்ல? இறங்கு. ஒரே முழுக்கு. மேடையில போய் நில்லு."

"போன மாசம் தெரியாம கால் வச்சதுக்கே பத்து நாள் சொறிஞ்சேன். உனக்கென்ன, நீ மீனு."

"சொறிஞ்சியா? நீ ஊத்தின சாயம்தான் அக்கா உன்னைச் சொறிய வச்சிருக்கு. நாங்க தினம் குடிக்கிறோம், ஒருநாளாவது உன் வாசல்ல வந்து சொறிஞ்சோமா?"

சம்பூரணத்துக்கு முகம் சுருங்கிப் போச்சு. "நான் ஒருத்தியா ஊத்தினேன்? ஊரே ஊத்துது. நான் ஒருத்தி முழுகி என்னடி ஆகப் போகுது?"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு திரும்பிப் போயிட்டா.

வெடுக்கி படியை ஒவ்வொண்ணா மேல வரைக்கும் அண்ணாந்து பாத்தா.

"சரி. நானே போறேன்."

"எங்க?"

"மேடைக்கு."

"ஏய், பத்தொன்பது படி இருக்கு. உனக்குக் கால் கிடையாது. அங்க தண்ணியும் கிடையாது. நீ மேடைக்குப் போக மாட்ட, கருவாட்டுக் கடைக்குத்தான் போவ!"

"ஊர்லயே எப்பவும் ஈரமா இருக்கறது நான்தான் கொடுக்கா. என் பேச்சை எவன் மறிக்க முடியும்?"

சொன்னவ வாலை ஒரு அடி அடிச்சா. எகிறி முதல் படியில போய் விழுந்தா.

விழுந்ததும்தான் தெரிஞ்சுது. உடம்பு கல்லா கனத்துச்சு. தண்ணியில இருந்தவரைக்கும் தனக்குக் கனம் இருக்கறதே அவளுக்குத் தெரியாது. செவுளைத் திறந்தா தண்ணி வரலை, வெறும் வெயில் வந்துச்சு. நெஞ்சு அடைச்சுது. கண்ணுக்கு முன்னாடி ரெண்டாவது படி மலை மாதிரி நின்னுச்சு. செவுள் மூடியை முழங்கை மாதிரி மடக்கிக் கல்லு மேல ஊணினா. வாலால உந்தினா. ஒரு படி ஆச்சு. மறுபடி ஊணினா, உந்தினா. கருங்கல்லுல உரசி உரசி வழவழன்னு இருந்த செவுள் ஓரமெல்லாம் சில்லு சில்லா உடைஞ்சுது. உடைஞ்ச முனைதான் அடுத்த படியில வழுக்காம பிடிச்சுது. வலிச்ச இடமே பிடிமானம் ஆச்சு.

எட்டாவது படியில மூச்சு சுத்தமா நின்னு போச்சு. திரும்பி உருண்டா தண்ணி. கீழேருந்து கொடுக்கன், "உருண்டுரு வெடுக்கி, உருண்டுரு"ன்னு கத்தறான். அவளுக்கு வந்தது பயம் இல்ல, கோவம். அந்தக் கோவத்துல வாயை அகலமாத் திறந்து எதிர்ல இருந்ததை அப்படியே விழுங்கினா. எதிர்ல இருந்தது காத்துதான். தலைக்குள்ள, செவுளுக்கு மேல, சுள்ளுனு எரிஞ்சுது. எரிஞ்ச இடத்துல மடிப்பு மடிப்பா என்னமோ விரிஞ்சுது. விரிஞ்ச மடிப்புல காத்து போய்த் தங்குச்சு. நெஞ்சடைப்பு விட்டுப் போச்சு.

"அட, இவங்க மூச்சு இவ்வளவுதானா! இதை வச்சுக்கிட்டா இந்த அலட்டல்?"னு சொல்லிட்டு ஒன்பதாவது படியில செவுளை ஊணினா.

பத்தொன்பதாவது படி முடிஞ்சதும் உப்புக்கிடங்கு, அதோட வாசல்லதான் சபை கூடியிருந்துச்சு. பந்தல் போட்டு, நடுவுல முழங்கால் உசர மேடை. வெடுக்கிக்கு மனுஷங்க முகம் எதுவும் தெரியலை, கால்தான் தெரிஞ்சுது. சேத்துக் காலு, செருப்புக் காலு, மருதாணிக் காலு. நூத்துக்கணக்கான காலுக்கு நடுவுல ஊர்ந்து ஊர்ந்து போனா. "ஐயோ பாம்பு"ன்னு ஒருத்தன் குதிச்சான். "பாம்பு இல்லடா, கெண்டை"ன்னு இன்னொருத்தன் சொன்னான். "யாரு கூடையிலேருந்து விழுந்துச்சு?"ன்னு கேட்டான் ஒரு புத்திசாலி.

"கூடையில வர்ற அளவுக்கு நான் இன்னும் சாகலை. வழி விடுங்க"ன்னு சொல்லிக்கிட்டே வெடுக்கி எகிறி மேடை மேல விழுந்தா.

தாண்டவராயர் வெத்தலை மெல்லுறதை நிறுத்தினாரு. "இது என்ன கூத்து?"

"கூத்து இல்லைங்க தலைவரே, மறுப்பு. எந்த உயிரா இருந்தாலும்னு தமுக்கு அடிச்சீங்க. வந்திருக்கேன்."

"முழுகிட்டு ஈரத்துணியோட வரணும். உனக்கு ஏது துணி?"

"எனக்கு உடம்பே துணி. முழுகினதைக் கேக்கறீங்களா? பொறந்ததுலேருந்து முழுகிக்கிட்டேதான் இருக்கேன். நீங்க கடைசியா எப்ப முழுகினீங்க?"

பின்னாடி யாரோ களுக்குனு சிரிச்சாங்க. சபைக் கணக்கர் கிட்ட வந்து குனிஞ்சாரு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு விரலால அவ முதுகைத் தொட்டாரு. விரல் நனைஞ்சுது. வழக்கம் வழக்கம்தானே. "ஈரம் இருக்கு, பேசலாம்"னு சொல்லிட்டாரு.

வெடுக்கி பேசினா.

"ஓடை நாறுது, மூடணும்னு சொல்றீங்க. நாறுதுதான். நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்த நாத்தத்துல ஒரு சொட்டாவது ஓடையோடதா? அது மலையிலேருந்து கிளம்பறப்ப வெறும் தண்ணியாத்தான் வருது. நீங்க குடுத்ததை வாங்கி வச்சிருக்கு, அவ்வளவுதான். யாரு யாரு என்ன குடுத்தீங்கன்னு எனக்கு ருசியோட தெரியும். சொல்லட்டுமா?"

முன்வரிசையில நின்னவங்க மெல்லப் பின்னாடி நகர்ந்தாங்க.

"ரெண்டாந்தெரு, தோல் ஊறவச்ச சுண்ணாம்பு. மூணாந்தெரு, செக்குக் கசடு. நாலாந்தெருக்காரங்களுக்கு நான் நன்றி சொல்லணும். வைத்தியர் குடுக்கற கஷாயத்தை ஒரு வீடு விடாம எங்க தலையிலதான் ஊத்துறாங்க. எனக்கு இதுவரைக்கும் ஒரு சளி வந்ததில்ல."

வைத்தியர் எழுந்து நாலாந்தெருப் பக்கம் முறைச்சாரு. நாலாந்தெரு மொத்தமும் ஆகாயத்தைப் பாத்துச்சு.

"முதல் தெரு முதல் வீடு, நம்ம தலைவர் வீடு. ஊருக்காக விரதம் இருக்கேன், ஒருவேளைக் கஞ்சிதான்னு ஒவ்வொரு சபையிலயும் சொல்றாரு. ஓடைக்கு வர்றது மூணு வேளையும் ஆட்டெலும்பு. நல்லி எலும்பு தலைவரே, உறிஞ்சித்தான் போடறீங்க, ஒண்ணும் மிச்சம் வைக்கறதில்ல."

இப்ப ஊரே வாய்விட்டுச் சிரிச்சுது. தாண்டவராயருக்குக் காது சிவந்துச்சு. மறிக்க முடியாது, ஈரம் காயலை. ஆனா ஆளு லேசுப்பட்டவரு இல்ல. குரலை மெதுவாக்கிக்கிட்டு, "பந்தல் துணியைச் சுருட்டுங்கப்பா. பின்னாடி நிக்கறவங்களுக்கும் புள்ள நல்லாத் தெரியட்டும்"னாரு.

துணியைச் சுருட்டினாங்க. உச்சி வெயில் நேரா மேடையில இறங்குச்சு. முதுகுத் தோல் இழுத்துப் பிடிச்சுது. செதில் ஒவ்வொண்ணா ஓரம் மடங்குச்சு. தன்னைக் காய வைக்கத்தான் இந்த வேலைன்னு வெடுக்கிக்குத் தெரிஞ்சு போச்சு. பேச்சைச் சுருக்கினா, நெருப்பை வச்ச மாதிரி சொன்னா.

"இதைக் கேளுங்க. மூணு வருஷமா இந்த மேடையில யாராவது ஏறினீங்களா? ஏழாந்தெருக் கிணறு போச்சே, ஏன் யாரும் மறுப்புச் சொல்லலை? முழுக இடமில்ல. ஓடை நாறினா யாருக்கு லாபம்? இவருக்கு. ஓடையை மூடினா? உங்க எல்லாரு வாயையும் சேத்து மூடறாரு. அதுக்கப்புறம் ஊருக்கு ஈரமே கிடையா..."

குரல் உடைஞ்சுது. கணக்கர் குனிஞ்சு விரல் வச்சாரு. தலைப்பக்கம் காஞ்சிருந்துச்சு. வால் ஓரத்துல மட்டும் ஒரு பிசுபிசுப்பு. தாண்டவராயர் சால்வையைச் சரி பண்ணிக்கிட்டு எழுந்தாரு, தீர்ப்பு செல்லும்னு சொல்லத் தயாராயிட்டாரு.

அப்பத்தான் பின்னாடி ஒரு கலவரம். "ஐயய்யே, தள்ளு தள்ளு, மேல படப் போகுது!" கூட்டம் ரெண்டாப் பிளந்துச்சு. நடுவுல சம்பூரணம் ஓடி வந்தா. தலைமுடியெல்லாம் பாசி, சேலை கறுப்பா ஒட்டிக்கிட்டிருக்கு, இடுப்புல ஒரு குடம். எப்பக் கூட்டத்தை விட்டுப் போனான்னு யாருக்கும் தெரியாது. குடத்தோட வாயைச் சாய்ச்சு ஓடைத் தண்ணியை அப்படியே வெடுக்கி மேல கவுத்தா.

கறுத்த தண்ணி. நாத்தம் பந்தலைத் தூக்குச்சு. வெடுக்கிக்கு அது தேவாமிர்தமா இருந்துச்சு.

"என்ன அக்கா, சொறியாதா?"

"சொறியும். சொறிஞ்சுக்கறேன். நீ பேசுடி."

"நான் பேசிட்டேன். நீயும் ஈரமாத்தானே நிக்கற? நீ பேசு."

சம்பூரணம் அப்பத்தான் தன்னைப் பாத்துக்கிட்டா. நீலக் கை ரெண்டையும் சபைக்கு முன்னாடி நீட்டினா. "இந்தக் கையாலதான் ஊத்தினேன். இந்த மீனு ஒரு பொய்யும் சொல்லலை. நான் ஊத்தினேன், நீங்களும் ஊத்தினீங்க. நாம ஊத்தினதைப் பாத்து நாமளே மூக்கைப் பொத்திக்கிட்டோம். ஒரு சாண் மீனு பத்தொன்பது படி ஏறி வந்து நமக்காகக் காயுது. பத்தொன்பது படி இறங்கறதுக்கு நமக்கு என்ன கேடு?"

அப்புறம் ஏழாந்தெருக்காரன் ஒருத்தன், கிணத்தைப் பறிகுடுத்தவன், துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு ஓடைப்பக்கம் நடந்தான். அவன் பொண்டாட்டி பின்னாடியே போனா. அப்புறம் வைத்தியர் போனாரு. அவரு போனதும் நாலாந்தெரு மொத்தமும், வேற வழியில்லாம, போச்சு. பொத்து பொத்துனு ஓடையில விழற சத்தம் சபை வரைக்கும் கேட்டுச்சு. "அம்மாடி, என்ன நாத்தம்"னு ஒரு குரல், "உன் வீட்டுதுதான், மோந்து பாரு"ன்னு இன்னொரு குரல், அதுக்கு மேல சிரிப்பு. போனவங்க எல்லாம் கறுத்து, சொட்டச் சொட்டத் திரும்பி வந்து மேடையைச் சுத்தி நின்னாங்க. கணக்கர் எண்ண ஆரம்பிச்சாரு. பாதியைத் தாண்டினதும் எண்ணறதை நிறுத்திட்டுத் தானும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கிப் போயிட்டாரு.

கடைசியில ஏழுதெருவுல காஞ்சு நின்னது ஒரே ஒரு ஆளு. சால்வையோட.

"தலைவரே, ஈரம் காயறதுக்குள்ள சொல்லுங்க"ன்னா வெடுக்கி.

தாண்டவராயர் சுத்திமுத்திப் பாத்தாரு. நூத்துக்கணக்குல கறுத்த முகம், ஒரு கண்ணும் இமைக்கலை. "தீர்ப்பு செல்லாது"ன்னு முணுமுணுத்தாரு. "பின்னாடி கேக்கலை!"ன்னு நாலாந்தெரு கத்துச்சு. மறுபடி உரக்கச் சொன்னாரு. "இது ஓடை. மூடக் கூடாது."

ஊர் போட்ட கூச்சல்ல உப்புக்கிடங்குப் புறாவெல்லாம் பறந்து போச்சு. வெடுக்கியைக் குடத்துல வச்சு ஊர்வலமாத் தூக்கிட்டுப் போகப் பாத்தாங்க. "எனக்கு வந்த வழி தெரியும், நடந்து போய்க்கறேன்"னு சொல்லிட்டா. அந்தத் திமிரை எல்லாரும் ரசிச்சாங்க. அவ செவுளை ஊணி ஊணிப் படி இறங்க, ஊரே ரெண்டு பக்கமும் வழிவிட்டு நின்னுச்சு. கீழ கொடுக்கன் பத்துக் காலாலயும் ஆடிக்கிட்டிருந்தான், பக்கவாட்டுலதான்.

மூடறதுக்கு வந்த கருங்கல் பலகையை ரெண்டு கரையிலயும் படியாப் போட்டாங்க, ஏழு தெருவுக்கும் ஏழு படித்துறை. கசடுக்கு வீட்டுக்கு வீடு குழி வெட்டணும்னு முடிவாச்சு. சம்பூரணம் வீட்டுல முதல் குழி வெட்டினாங்க, சாயத்தண்ணி அதுலயே வடிஞ்சுது. மறுநாளே ஓடை தெளிஞ்சிருச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கறுப்பு மெதுவாத்தான் விட்டுச்சு. திருட்டுத்தனமாக் கொட்டறவன் கொட்டிக்கிட்டுத்தான் இருந்தான். ஆனா அன்னைக்கு முழுகினவங்களுக்கு அந்தத் தண்ணி மேல இருந்த அருவருப்பு போயிருச்சு. கொட்டினவனைக் கேள்வி கேட்டாங்க, ஈரத்தோடவே கேட்டாங்க.

இத்தனை படி ஏறினவ பனையும் ஏறுவான்னு ஊர் சொல்லிச் சொல்லி, வெடுக்கியோட பரம்பரைக்குத்தான் பனையேறிக் கெண்டைன்னு பேரு வந்துச்சு. மத்த மீனெல்லாம் செத்து மிதக்கற கறுத்த தண்ணியில கூட அது உசுரோட இருக்கறதும், நிமிஷத்துக்கு ஒருதரம் மேல வந்து காத்தை விழுங்கிட்டுப் போறதும், கையில பிடிச்சா செவுள் முள்ளால சுருக்குனு கிழிக்கறதும் அந்த ஒருநாள்ல ஆரம்பிச்சதுதான். மழை பெஞ்சு தெரு நனைஞ்சா இன்னைக்கும் அது சாக்கடையை விட்டு ஏறி, செவுளை ஊணி ஊணி, வீட்டு வாசல் பக்கமா நடந்து வரும். வழி தவறி வந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டு விரட்டாதீங்க. மறுப்புச் சொல்லத்தான் வந்திருக்கு.